எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் இல்லை என்றால் வலிப்பு நோயும் இல்லையா?

தங்கச்சிமடம் வாசகர் கேட்டது – 3 ஜூன் 2025

என் மகளுக்குப் பதினாறு வயது. சில காலமாக வலிப்பு வருகிறது. மாத்திரையில் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. போன மாதம் ராமநாதபுரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், மூளை இயல்பாக உள்ளது என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து உறவினர்கள், 'ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள்' என்கிறார்கள். அதே வாரத்தில், வலிப்பு உள்ளவர்களுக்கு மூளை சுருங்கிவிடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வு சொல்வதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டில் எதை நம்புவது?

3 ஜூன், இரவு

உறவினர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வலிப்பு நோய் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது படம் அல்ல, வந்த வலிப்பின் வரலாறு. காய்ச்சல், அடிபடுதல், சர்க்கரை குறைதல் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய் என்பது 2014இல் வலிப்பு நோய்க்கான பன்னாட்டுக் கழகம் வகுத்த வரையறையின் முதற்பகுதி. ஒரே முறை வந்திருந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் அதுவும் வலிப்பு நோயே. இந்த வரையறையில் ஸ்கேன் என்ற சொல்லே இல்லை.

படம் எடுப்பது அடுத்த கேள்விக்காக: இந்த வலிப்பு எதனால் வருகிறது? மூளையில் தழும்பு, கட்டி, பிறவியில் அமைந்த கோளாறு, புழுவின் கூடு, பழைய பக்கவாதத்தின் தடம் என்று கண்ணுக்குத் தெரியும் காரணம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். மரபணு சார்ந்த வலிப்புகள் பலவற்றில் படம் இயல்பாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகள் யாரும் நடிக்கவில்லை.

4 ஜூன்

வாட்ஸ்அப் செய்தி எந்த ஆய்வைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். 2018இல் 'பிரெயின்' என்ற மருத்துவ இதழில் வந்த, பல நாட்டு மூளை ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பின் ஆய்வு அது. 14 நாடுகளில் உள்ள 24 மையங்களிலிருந்து, வலிப்பு நோய் உள்ள 2,149 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களையும், நோய் இல்லாத 1,727 பேரின் படங்களையும் சேர்த்து, ஒரே முறையில் கணினியால் அளந்து ஒப்பிட்டார்கள். எல்லா வகை வலிப்பு நோயாளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியின் பருமன் வலப்பக்கத்தில் சற்றுக் குறைவாகவும், மூளையின் மேலுறையான மூளைப்புறணியில் உடலின் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதி இரு பக்கமும் சற்று மெலிந்தும் இருந்தன. படத்தில் ஒன்றும் தெரியாது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த, மூளையின் இரு பக்கத்தையும் ஒருசேரப் பற்றும் பொதுவகை வலிப்பிலும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் பெரிய செய்தி.

ஆனால் அந்த 'சற்று' என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் செய்தியைப் பரப்பியிருக்கிறார்கள். மூளைப்புறணியின் சராசரித் தடிமனே சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதில் ஒரு சிறு பங்கு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானோரின் சராசரி தேவைப்பட்டது. தனி ஒருவரின் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்க்கும் எந்த மருத்துவரின் கண்ணுக்கும் அது தென்படாது. ஆகவே உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று எழுதியிருப்பதும், இந்த ஆய்வு சொல்வதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

4 ஜூன், சற்றுப் பின்

'அப்படியானால் அவளது மூளையும் மெலிந்துகொண்டிருக்கிறதா' என்று நீங்கள் கேட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். சராசரியைத் தனி ஆள் மேல் ஏற்றக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் பலரின் அளவுகள் நோயற்றவர்களின் அளவுகளோடு கலந்தே இருக்கின்றன. புறணியின் தடிமன் ஒரு பிள்ளையின் அறிவுக்கு அளவுகோலும் அல்ல. அவள் படிக்கட்டும்.

6 ஜூன்

இரண்டு நாள் யோசித்தபின் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறுபாடு இருக்கிறது என்பது ஒன்று; எது முதலில் வந்தது என்பது வேறொன்று. 2018 ஆய்வு ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை படம் எடுத்துப் பார்த்தது. மெலிந்த மூளையால் வலிப்பு வந்ததா, வலிப்பால் மூளை மெலிந்ததா, இரண்டுக்கும் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறதா என்பதை ஒரு முறை எடுத்த படம் சொல்லாது. நோயின் காலம் கூடக்கூட வேறுபாடும் கூடியிருந்தது என்பது ஒரு குறிப்பு மட்டுமே. அதன்பின் 2019இல், ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு உள்ளவர்களை லண்டனில் கால இடைவெளி விட்டு மீண்டும் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு வந்தது. வயதால் எல்லோருக்கும் நேரும் மெலிவைவிட அவர்களுக்கு வேகமாக நேர்கிறது என்று அது காட்டியது. வலிப்பை அலட்சியமாக ஓடவிடக் கூடாது என்பதற்கு அது வலுவான சான்று என்று நான் கருதுகிறேன்.

மருந்தையும் மறக்கக் கூடாது. பல ஆண்டுகள் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் சிலருக்குச் சிறுமூளை சுருங்கியிருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. நம் பக்கம் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் மாத்திரை என்பதால் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்குவோர் உண்டு. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஈறு தடித்து வளர்ந்தாலோ மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

7 ஜூன்

என் தம்பியின் கதையை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது.

நான் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். தம்பி கடலுக்குப் போகிறவன். அவனுக்கு வருவது கீழே விழுந்து கைகால் வெட்டும் வலிப்பு அல்ல. வாடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பான். திடீரென்று வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கிறது என்பான். அதன்பின் பேச்சு இருக்காது. கண் திறந்தே இருக்கும். வாய் எதையோ மெல்லுவதுபோல் சப்புக்கொட்டும். ஊசி பிடித்த வலக்கை மணிக்கட்டு மடங்கி விறைத்துக்கொள்ள, இடக்கை மட்டும் மடியில் கிடக்கும் வலை நூலைத் தடவித் தடவி முறுக்கும். ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவான்; எதுவும் நினைவில் இருக்காது, சிறிது நேரம் பொருள்களின் பெயர் வராது. உடன் இருந்தவர்கள் காற்றுச் சேட்டை என்றார்கள். அம்மா ஏர்வாடி தர்காவுக்கும் அழைத்துப் போனார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, மாத்திரையும் கூடவே இருந்தது.

முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. இயல்பு என்று வந்தது. எடுக்கச் சொல்லிக் கொடுத்த சீட்டில் 'வலிப்பு' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, வலிப்பு நோய்க்கென்றே பிரிவு உள்ள ஒரு மருத்துவமனையில், நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது எந்தக் கை விறைக்கும், எந்தக் கை தடவும் என்பதைத்தான். அவன் மனைவி கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வலக்கை விறைப்பதால் தொடக்கம் மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலில், அதாவது நெற்றிப்பொட்டின் உட்புறம் உள்ள பகுதியில், இருக்கலாம் என்று சீட்டில் விரிவாக எழுதி, அந்தப் பகுதியைக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக எடுக்கச் சொன்னார். பொட்டு மடலின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. மண்டபம் பக்கம் வலையில் அகப்படும் கடற்குதிரையைப் போல வளைந்த உருவம். இடப்பக்கத்து ஹிப்போகேம்பஸ் வலப்பக்கத்ததைவிடச் சிறுத்து, ஒரு வகைப் படத்தில் வெளேரென்று தெரிந்தது. பழைய படத்திலும் அதன் சாயல் இருந்தது என்று அவரே காட்டினார். தேடச் சொல்லாததால் யாரும் அங்கே தேடவில்லை.

8 ஜூன்

நேற்றைய கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2002இல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களின் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தை வலிப்பில் தனிப்பயிற்சி இல்லாதவர்கள் படித்தபோது மூளைக் கோளாறுகளில் 39 விழுக்காடு பிடிபட்டது. அதே படத்தைப் பயிற்சி உள்ளவர்கள் படித்தபோது 50 விழுக்காடு. வலிப்புக்கென்றே வகுத்த முறையில் படம் எடுத்து, பயிற்சி உள்ளவர்களே படித்தபோது 91 விழுக்காடு.

8 ஜூன், மாலை

அந்த 'வலிப்புக்கென்றே வகுத்த முறை' என்னவென்று ஒருவர் கேட்டார். 2019இல் பன்னாட்டுக் கழகம் சார்பில் ஹார்னெஸ் என்ற பெயரில் ஒரு நெறிமுறை வந்தது. முழு மூளையையும் இடைவெளி விடாமல் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் முப்பரிமாணமாக இரண்டு வகையில் எடுப்பதும், ஹிப்போகேம்பஸின் நீளத்துக்குச் செங்குத்தாக மெல்லிய துண்டுகளாக ஒரு வகை எடுப்பதும் அதன் சாரம். வழக்கமான படத்தில் ஒவ்வொரு துண்டும் நான்கைந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். சிறு கோளாறு இரண்டு துண்டுகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். காந்தத்தின் பலம் 3 டெஸ்லா (காந்த பலத்தை அளக்கும் அலகு) உள்ள எந்திரம் இருந்தால் நல்லது. 1.5 டெஸ்லாவிலும் இந்த முறையில் எடுக்கலாம். எந்திரத்தின் பலத்தைவிடச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, படத்தை யார் படிக்கிறார்கள் என்பவற்றுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

எனவே தங்கச்சிமடத்தவரே, ரிப்போர்ட்டில் 'வலிப்பு நெறிமுறை' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், மாத்திரை மாற்றியும் நிற்காத நிலையில், மறுபடி எடுக்கலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

10 ஜூன்

கீழக்கரை வாசகர் எழுதியது: 'என் அண்ணன் மகனுக்கு மூளையில் புழு என்று சி.டி. ஸ்கேனில் வந்திருக்கிறது. பன்றிக்கறியால் வருவது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது எப்படி வரும்? அவன் வெளியே எங்கேயோ சாப்பிட்டுவிட்டான் என்று வீட்டில் பெரிய சண்டை.'

சண்டையை இன்றே நிறுத்துங்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவரது மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கை, கீரை, காய், தண்ணீர் வழியாக இன்னொருவரின் வாய்க்குப் போனால் அவருக்குத்தான் மூளையில் கூடு கட்டுகிறது. அதாவது மூளையில் புழு வந்தவர் பன்றிக்கறியைத் தொட்டே இருக்க வேண்டியதில்லை. சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கும் வருகிறது. 1992இல் நியூயார்க்கில், பன்றி இறைச்சியைக் கட்டாயமாக விலக்கும் யூதக் குடும்பங்களில் இந்நோய் கண்டு ஆராய்ந்தபோது, அவ்வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

இதில் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. வலிப்பு வந்தவர்களின் சி.டி. படத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான வளையம் ஒன்று தெரிவதும், சில மாதங்களில் அது தானே மறைவதும் இந்தியாவில் அடிக்கடி காணப்பட்டது. காசநோய்க் கட்டி என்று கருதிக் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சாண்டி, ராஜசேகர் ஆகியோரின் குழு அத்தகைய கட்டிகளை எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் கூடு என்று காட்டியது. அதன்பின் எத்தனையோ பேர் தேவையற்ற காசநோய் மருந்திலிருந்து தப்பினார்கள். அந்தப் பையனுக்கும் சில மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். வளையம் மறைந்திருந்தால் நல்லது. சுண்ணாம்புப் புள்ளியாக எஞ்சியிருந்தால் மாத்திரையைச் சற்று நீண்ட காலம் தொடரச் சொல்லக்கூடும். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

11 ஜூன்

பெண் பார்க்க வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படத்தைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. நோயைச் சொல்லிவிடுவதே முறை. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்தை விலக்கும் காரணங்களுள் ஒன்றாக இருந்த வலிப்பு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை. அறிந்தவர்கள் சொல்லிப் பரப்ப வேண்டும்.

13 ஜூன்

முதல் குறிப்பில் 'நடிக்கவில்லை' என்று எழுதியதைப் பற்றி மீண்டும் யோசித்தேன். அதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். படமும் இயல்பு, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் இயல்பு, மாத்திரைக்கும் அசையவில்லை என்றால், மூளையின் மின்னோட்டக் கோளாறு இல்லாமல் மன அழுத்தம் வழியாக வரும் வலிப்பாகவும் இருக்கலாம். அதுவும் நடிப்பு அல்ல. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. படுக்கையில் வைத்துக் காணொளியும் ஈ.ஈ.ஜி.யும் சேர்த்துப் பதிவு செய்யும் பரிசோதனையில் இரண்டையும் பிரித்தறியலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எந்த வழியிலும் உறவினர்கள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களே.

14 ஜூன்

'ஸ்கேன் இயல்பு, ஆகவே கடலுக்குப் போகலாம் அல்லவா' என்று பாம்பனிலிருந்து ஒரு கேள்வி. இல்லை. கடலுக்குப் போகலாமா என்பதை முடிவு செய்வது கடைசி வலிப்பு எப்போது வந்தது என்பதே. படத்தில் தழும்பு இருந்தும் வலிப்பு முற்றிலும் அடங்கியவர் இருக்கிறார்; படம் தூய்மையாக இருந்தும் வாரந்தோறும் வலிப்பு வருபவர் இருக்கிறார். விசைப்படகின் ஓரத்தில் நிற்கும்போது நினைவு தப்பினால் அடுத்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு ஆபத்து அதைவிடப் பெரிது, ஏனெனில் நீருக்கடியில் வரும் வலிப்பை யாரும் பார்ப்பதில்லை. என் தம்பி இப்போது கரையில் வலை வேலையும் ஏலக் கணக்கும் பார்க்கிறான். வருமானம் குறைந்ததை நான் மறைக்கவில்லை.

16 ஜூன்

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு. அந்த எந்திரம் ஒரு பெரிய காந்தம். வளையல், கொலுசு, அரைஞாண், தாலிச்சங்கிலி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாயத்தைக் கழற்றினால் வலிப்பு வரும் என்று அஞ்சுபவர்கள் அதை வெளியே நிற்பவரின் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். மீனவர்கள் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: எப்போதோ கையில் குத்தி முறிந்த தூண்டில் முள்ளின் நுனி சதைக்குள் இருக்கிறதா, இயந்திர வேலையில் கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என் தம்பி உள்ளங்கையைக் காட்டிச் சொன்னபின் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே படபடவென்று பெருஞ்சத்தம் கேட்கும். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. தலையை அசைத்தால் படம் கலங்கிவிடும். அன்றைய மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

19 ஜூன்

அறுவை சிகிச்சை பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மூன்றாவது, நான்காவது மருந்துகளால் முற்றிலும் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த இடத்தில்தான் படத்தில் காரணம் தெரிவது பெரும்பேறாகிறது; அந்தப் பகுதியை அறுவையால் அகற்ற முடியுமா என்று பார்க்கலாம். கனடாவில் பொட்டு மடல் வலிப்பு உள்ள 80 பேரைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவைப் பிரிவில் 58 விழுக்காட்டினர் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்துப் பிரிவில் 8 விழுக்காட்டினர் மட்டுமே. டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியான ஆய்வில் அந்த எண்கள் 77, 7. நமக்கு எட்டும் தொலைவில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் என் தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. இடப்பக்கம் என்பதால் சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறையலாம் என்று மருத்துவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். ஏலத்தில் யாருக்கு என்ன விலை என்பதை வாயாலேயே கணக்கு வைத்திருப்பவன் அவன். நான் செய்துகொள்ளச் சொல்கிறேன். அவன் மனைவியும் அதையே சொல்கிறாள். தலை அவனுடையது, ஆகவே காத்திருக்கிறோம்.

22 ஜூன்

தங்கச்சிமடத்தவர், மதுரையில் மறுபடி எடுக்கத் தேதி கிடைத்துவிட்டது என்றும், பழைய படத்தை எடுத்துப் போக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். கட்டாயம் எடுத்துப் போங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் மாற்றம் தெரியும். ஃபிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில துண்டுகள் மட்டுமே. முழுப் படமும் குறுந்தகட்டில் இருக்கிறது. அதைக் கொடுக்கவில்லையென்றால் எடுத்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய ஃபிலிம்கள் உப்புக் காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது படலம் உரிந்துவிட்டது. வேறு ஒரு கணினியில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். மகளுக்கு வலிப்பு வரும்போது எந்தக் கை முதலில் அசைகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, தெளிந்தபின் பேச்சு வர எவ்வளவு நேரமாகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி அந்தக் குறுந்தகட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.